வளையும் நகத்துக்கு எந்த பேஸ்? ஜப்பானிய சாஃப்ட் ஜெல்லோடு 8 மாதம்

என் நகம் காகிதம் மாதிரி. கட்டைவிரலால் நுனியை அழுத்தினால் அப்படியே வளையும், விட்டால் திரும்பி வரும். நுனியில் அடுக்கடுக்காகப் பிரியும். எனக்குத் தொழில் கைத்தையல், அதிலும் பெரும்பாலும் பட்டு நூலில் பூ வேலை. பிரிந்த நகத்தின் ஓரம் ஒவ்வொரு இழுப்புக்கும் நூலில் மாட்டும். ஓர் இழை கிளம்பிவிட்டால் அந்த இதழ் முழுவதையும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். அழகுக்காக ஜெல், அதாவது விளக்கின் ஒளியில் உறைய வைக்கும் நகப்பூச்சு, போடுகிறவர்கள் நிறையப் பேர். நான் நூல் மாட்டாமல் இருப்பதற்காகப் போட ஆரம்பித்தேன்.

சாதா நெயில் பாலிஷ் எனக்கு மூன்று நாள்தான் தாங்கும். நகம் வளைய வளைய நுனியிலிருந்து செதில் செதிலாக உதிரும். அப்புறம் ஓர் அழகு நிலையத்தில் ஹார்டு ஜெல் போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கல் மாதிரி நின்றது. ஒரு நாள் வலது நடுவிரலில் மொத்தமாகக் கழன்றது. கழலும்போது என் நகத்தின் மேலடுக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது. மீதி ஒன்பதையும் எடுத்துவிடலாம் என்று போனபோது மின் அரம் வைத்துத் தேய்த்தார்கள். சூடு பொறுக்காமல் கையை இழுத்துக்கொண்டேன். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து நுனி வரை புதிதாக வர 6 மாதம் ஆகும். அந்த 6 மாதமும் விரல் நுனியில் டேப் சுற்றிக்கொண்டுதான் தைத்தேன்.

அந்தக் காத்திருப்பில்தான் ஜெல் என்றால் என்ன, எது எப்படி ஒட்டுகிறது என்று உட்கார்ந்து படித்தேன். ஜப்பானிய சாஃப்ட் ஜெல் பக்கம் வந்தது அப்படித்தான்.

'சாஃப்ட்' என்ற பெயரைக் கேட்டதும் தொட்டால் மெத்தென்று இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, கெட்டியான பிறகு தட்டினால் டக் டக் என்றுதான் கேட்கும். விளக்கின் ஒளி பட்டதும் ஜெல்லுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை மாதிரி ஆகிவிடுகின்றன. ஹார்டு ஜெல்லில் அந்த வலை நெருக்கமான பின்னல். நெயில் பாலிஷை அழிக்கும் அசிட்டோன் திரவம் உள்ளே போகாது, அரம் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சாஃப்ட் ஜெல்லில் வலை கொஞ்சம் தளர்ந்தது. அசிட்டோன் உள்ளே இறங்கி, ஜெல்லை ஊறவைத்து, நகத்திலிருந்து விடுவித்துவிடும். வலை தளர்ந்திருப்பதாலேயே நகம் வளையும்போது இதுவும் கூடவே வளைந்து கொடுக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது குணம்.

ஜப்பானில் இந்த வேலையை மிகவும் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். நக அலங்காரக் கலைஞர்களுக்கான ஜப்பான் நெய்லிஸ்ட் சங்கம் 1985-இல் தொடங்கியது. ஜெல்லுக்கு மட்டும் தனித் தேர்வை 2010 முதல் நடத்துகிறது, தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகளில். ஆகவே அங்கிருந்து வரும் பேஸ் ஜெல்களில் (நிறத்துக்கு அடியில், நகத்தின்மேல் முதலில் போடும் பூச்சு), இது எந்த நகத்துக்கு, எவ்வளவு கெட்டி, எவ்வளவு நேரம் ஒளி என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. பிரஸ்டோ, லீஃப்ஜெல், கோகோயிஸ்ட், பாராஜெல் என்று பல பெயர்கள் காதில் விழும். நான் பெயரை வைத்து இங்கே மதிப்பெண் போடப் போவதில்லை. காரணம், ஒரே நிறுவனம் மென்மை, நடுத்தரம், கடினம் என்று இரண்டு மூன்று பேஸ்களை விற்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் நல்ல நிறுவனத்தின் தவறான டப்பா கைக்கு வந்து சேரும். எனக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான்.

நான் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று, மூன்றும் சாஃப்ட் ஜெல்தான். ஒன்று, டப்பாவில் வரும் கடின வகை பேஸ். இரண்டு, அதே அளவு டப்பாவில் வரும் மென் வகை. மூன்று, நெயில் பாலிஷ் போல மூடியிலேயே பிரஷ் வைத்த பாட்டில் பேஸ்.

கடின வகையை முதலில் வாங்கியதற்குக் காரணம் என் தவறான கணக்கு. என் நகம் பலவீனம், ஆகவே பலமான பேஸ் வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. ஆறாம் நாள் இடது ஆள்காட்டி விரலில் ஓரம் வெளுத்தது, ஒன்பதாம் நாள் சிப்பி போல முழுதாக எழும்பி வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், உடையவே இல்லை. ஜெல் நன்றாகத்தான் இருந்தது, ஒட்டுதான் விட்டுப்போனது. என் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. மெல்லிய பட்டுக்குப் பின்னால் விறைப்பான கேன்வாஸ் வைத்துத் தைத்தால், துணி அசையும்போதெல்லாம் இழுபடுவது இடையில் இருக்கும் தையல்தான். துணியும் கிழியாது, கேன்வாஸும் கிழியாது, தையல் விடும். நகம் வளைகிறது, மேலே இருக்கும் ஓடு வளைய மறுக்கிறது, நடுவில் இருக்கும் ஒட்டு விடுகிறது.

ஆகவே வாங்குவதற்கு முன் நகத்தைப் பாருங்கள். கையைக் கழுவி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் ஈர நகம் யாருக்குமே வளையும். நுனியை மேலிருந்து கீழாக அழுத்துங்கள். அப்புறம் நகத்தின் இரு பக்கத்தையும் லேசாகக் கிள்ளி, நடு வளைவு கூடுகிறதா என்று பாருங்கள். சுலபமாக வளைந்தால் மென் வகை. கொஞ்சமும் அசையாமல் கண்ணாடி மாதிரி இருந்து, உடைந்தால் படக்கென்று உடையும் நகம் என்றால் நடுத்தரமோ கடினமோ பார்க்கலாம்.

இரண்டாவதற்கு உதாரணம் என் தங்கை. அவள் நகம் தடிப்பு, நல்ல வளைவு, நுனி நீளமாகவும் வைத்திருப்பாள். எனக்கு மென் வகை நின்றதைப் பார்த்துவிட்டு என் டப்பாவிலிருந்தே அவளும் போட்டுக்கொண்டாள். இரண்டாம் வாரம் பக்கவாட்டில், நகம் சதையை விட்டு விலகும் இடத்தில், இரண்டு விரலில் விரிசல். "அக்கா, உனக்கு நிக்கிறது எனக்கு ஏன் நிக்கல?" என்று கேட்டாள். நீளமான நகத்தில் பாரம் விழும் இடம் அது. அங்கே வளைந்து கொடுப்பதைவிடத் தாங்கிப் பிடிப்பதுதான் முக்கியம். நான் ஒதுக்கி வைத்திருந்த கடின வகையை அவளுக்குக் கொடுத்தேன். நான்கு வாரம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு கை, இரண்டு டப்பா. என் கையில் ஒன்பதாம் நாள் கழன்ற அதே ஜெல்.

பாட்டில் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசதி அதிகம், தனி பிரஷ் வேண்டாம், கையில் சிந்தாது. ஆனால் நான் வாங்கியது ரொம்ப நீர்த்தது. நகக்கண் பக்கம் வைத்த உடனே சதைக்கு ஓடும். வேகமாக வேலை செய்யும் கைக்குச் சரிப்படும். எனக்கு அவ்வளவு வேகம் இல்லை, விட்டுவிட்டேன்.

இனி நான் தங்கிவிட்ட மென் வகை. 4 கிராம் டப்பா, உள்மூடி ஒன்று, மேல்மூடி ஒன்று. ஜெல் தேனைவிடக் கொஞ்சம் கெட்டி. பிரஷை நுழைத்துத் தூக்கினால் நூல் போல இறங்கி, இறங்கிய இடத்தில் மெதுவாகத் தானே பரவிச் சமமாகிறது. இந்தத் தானே சமமாகும் குணம் பேஸுக்கு மிக முக்கியம். மேடு பள்ளமான என் நகத்தில் வரி வரியாக இருந்த பள்ளங்களை இது நிரப்பிவிட்டது. நிறம் போடாமல் டாப் கோட் (கடைசியாக மேலே போடும் பூச்சு) மட்டும் போட்டாலே நகம் வழுவழுவென்று ஆகிவிட்டது. வேலை நாட்களில் நான் இப்போதும் நிறம் போடுவதில்லை.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உபயோகத்துக்குப் போகிறேன். ஜப்பானில் ஜெல் இரண்டு பிரிவாக விற்கிறது. அழகுசாதனமாகப் பதிவானது 'கெஷோஹின்'. பொதுப் பொருளாக விற்பது 'ஸக்கா', இது செயற்கை நகத்துக்கு என்ற கணக்கில் வருவது. முதல் பிரிவில் எல்லாச் சேர்மானங்களையும் அச்சிட்டாக வேண்டும், 2001 ஏப்ரலிலிருந்து அங்கே அது விதி. நம் சொந்த நகத்தின்மேல் நேராக உட்காரப்போவது பேஸ்தான். அதனால் சேர்மானம் தெரியாத டப்பாவை நான் தொடுவதில்லை. செல்போன் கேமராவால் பெட்டியை மொழிபெயர்த்துப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்தேன்.

அந்தப் பட்டியலில் நான் முதலில் தேடியது ஹெமா. நகத்தை நன்றாகப் பிடிக்கும் சிறிய மூலக்கூறு அது. சிறியது என்பதாலேயே தோலுக்குள்ளும் எளிதாக இறங்கிவிடும், ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் ஹெமா சேர்ந்த நகப் பொருள்களைத் தொழில்முறையாளருக்கு மட்டும் என்று ஒதுக்கி, ஒவ்வாமை எச்சரிக்கையையும் அச்சிடச் சொன்னது. நான் எடுத்ததில் ஹெமா இல்லை. ஆனால் ஹெமா இல்லை என்றால் ஒவ்வாமையே வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே குடும்பத்துப் பொருள்கள் வேறு பெயரில் எந்த ஜெல்லிலும் இருக்கும். அடுத்தது டிபிஓ, ஒளி பட்டதும் ஜெல்லை உறையத் தொடங்க வைக்கும் பொருள். 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் அதற்குத் தடை. தடைக்குப் பின்னால் இருப்பது அந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்ட நச்சு வகைப்பாடு, நகத்தில் போட்டவர்களுக்கு வந்த கேடு அல்ல. அதனால் பழைய டப்பாவை வைத்திருப்பவர்கள் பதறத் தேவையில்லை என்பது என் எண்ணம். புதிதாக வாங்குவதென்றால் டிபிஓ இல்லாததாகவே வாங்கலாம்.

நகத்தை முதலில் அரத்தால் தேய்க்காமலே ஒட்டும் பேஸ்களும் உண்டு. பாராஜெல் அதற்காகவே பெயர் பெற்றது. என்னைப்போல ஏற்கெனவே நகம் மெலிந்தவர்களுக்கு அது நல்ல யோசனை. நான் வைத்திருப்பதற்கு லேசாக அரம் போட வேண்டும்.

அப்புறம் விளக்கு. இதைப் பற்றி யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. ஜெல் எந்த அலைநீளத்தில் உறையுமோ அந்த அலைநீளம் விளக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலான எல்இடி விளக்குகளில் 365, 405 நானோமீட்டர் என்று இரண்டும் இருக்கும். 405 மட்டும் உள்ளவையும் உண்டு. வாட் எண் பெரிதாக இருந்தால் நல்ல விளக்கு என்று நினைப்பது தவறு. அது விளக்கு இழுக்கும் மின்சாரம், நகத்தில் விழும் ஒளி அல்ல. முடிந்தால் ஜெல் தயாரித்தவரே சொல்லும் விளக்கை வாங்கிவிடுங்கள். மேலே கெட்டியாகி உள்ளே பச்சையாக இருக்கும் ஜெல் பார்வைக்குத் தெரியாது. சீக்கிரம் கழல்வதற்கும் தோல் கெடுவதற்கும் அதுவே வழி.

இப்போது முக்கியமான இடம், போடுவதற்கு முன் செய்யும் வேலை. மென் வகை வாங்கிய பிறகும் முதல் தடவை எனக்கு நான்கே நாளில் மூன்று விரல் எழும்பியது. ஜெல்லைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு நிதானமாக யோசித்தால், அன்று காலையில் கைக்கு எண்ணெய் தேய்த்திருந்தேன். போதாததற்கு, தோல் இளகட்டும் என்று வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு உடனே போட்டிருக்கிறேன். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பிய நகத்தில் போட்ட ஜெல் சுருங்கிய நகத்தில் எப்படி நிற்கும்?

இப்போது கை காய்ந்து வெகுநேரம் ஆன பிறகுதான் தொடங்குகிறேன். நகத்தின் அடியில் தோல் மடிப்பை மரக்குச்சியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவேன். அதன் அடியிலிருந்து நகத்தின்மேல் படர்ந்திருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு செத்த தோல் படலம் இருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் பாதி வெற்றி. வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒரு வளையம் தெரியும், அதுதான். அந்தப் படலத்தின்மேல் போட்ட ஜெல் நகத்தில் ஒட்டவில்லை, படலத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாளில் அங்கிருந்துதான் காற்று நுழையும்.

பிறகு 240 எண் பஃபர் (நகத்தை லேசாகத் தேய்க்கும் மென்மையான அரம், எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்), அழுத்தாமல், மினுமினுப்பு போகும் வரைக்கும் மட்டும். நகத்தட்டின் தடிப்பே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், அதில் செலவழிக்க நமக்கு எதுவும் கிடையாது. 100 எண் அரத்தையெல்லாம் சொந்த நகத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தூசியைத் தட்டிவிட்டு, பஞ்சு நார் உதிராத துணித்துண்டில் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பேன். நார் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தையல் மேசையில் உட்கார்ந்து ஜெல் போடாதீர்கள். ஒரு தடவை சிவப்புப் பட்டு இழை ஒன்று பேஸுக்குள் விழுந்து, மூன்று வாரம் என் மோதிரவிரலில் அப்படியே இருந்தது.

பிரஷ் வேலை. குட்டையான தட்டை பிரஷின் ஒரு பக்கத்தில் மட்டும் அரிசி அளவில் பாதி எடுத்து, முதல் பூச்சு மிக மெல்லியதாக, பூசுவதைவிடத் தேய்ப்பது போல. நகத்தின் பள்ளமெல்லாம் ஜெல் இறங்க வேண்டும். தோலிலிருந்து முடி அளவு இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். 30 நொடி ஒளி. இரண்டாம் பூச்சுக்கு ஒரு முழுத் துளியை நகத்தின் நடுவுக்குச் சற்று மேலே வைத்து, பிரஷை ஜெல்லின் மேலேயே மிதக்கவிட்டு, நகத்தைத் தொடாமல் இழுப்பேன். பிறகு விரலைத் தலைகீழாக ஒரு பத்து நொடி பிடித்தால் ஜெல் நடுவில் திரண்டு மெல்லிய குவிவாகிவிடும். நிமிர்த்தி, மேலே இருக்கும் குழல் விளக்கின் பிரதிபலிப்பு நகத்தில் நேர்க்கோடாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. இதைப் பழகத்தான் எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பழகிய பிறகு, உண்மையைச் சொன்னால், இந்த ஒரு நிமிடத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

நுனியின் வெட்டுமுகத்திலும் பிரஷை ஒரு தடவை ஓட்டுங்கள். என் நகம் அடுக்கு பிரிவது அங்கிருந்துதான். அந்த ஓரத்தை மூடிய பிறகு பிரிவது நின்றது. கட்டைவிரலைத் தனியாக ஒளியில் வையுங்கள். நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், ஒளி ஒரு பக்கம்தான் விழும்.

சூடு வரும். மூலக்கூறுகள் இணையும்போது வெப்பம் வெளியாவது இயல்பு, தடிப்பாகப் போட்டால் அதிகம் வரும், நகம் மெலிந்திருந்தால் நன்றாக உறைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருக்க வேண்டாம். கையை வெளியே எடுத்து, இரண்டு மூன்று நொடி விட்டு, திரும்ப வையுங்கள். இரண்டு மெல்லிய பூச்சாகப் போட ஆரம்பித்த பிறகு எனக்குச் சூடு தெரிவதே இல்லை.

ஒளியிலிருந்து எடுத்ததும் மேலே பிசுபிசுப்பாக இருக்கும். உறையவில்லை என்று பயந்து நான் திரும்பத் திரும்ப விளக்கில் வைத்திருக்கிறேன். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மேற்பரப்பை மட்டும் உறையவிடாமல் தடுப்பதால் வருவது அது. அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ள அந்தப் பிசுபிசுப்பு உதவும், துடைக்காமல் மேலே போங்கள். டாப் கோட் வரை முடித்த பின் அந்த வகைக்குத் தேவைப்பட்டால் ஆல்கஹாலில் துடைக்கலாம். துடைக்கும்போது அந்த ஈரம் விரலில் படக் கூடாது, அது உறையாத ஜெல்.

தோலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உறையாத ஜெல் தோலில் படப் பட, ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். நகத்தைச் சுற்றி அரிப்பு, தடிப்பு, கொப்புளம் வரும். விரல் தொடும் இமையிலும் கழுத்திலும்கூட வரும். வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பல் அடைப்புக்கும் எலும்பு சிமெண்டுக்கும் இதே குடும்பத்துப் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே போவது ஜெல் மட்டும் அல்ல. பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. எனக்கு இதுவரை எதுவும் வரவில்லை, வரவிடக் கூடாது என்பதற்காக நான் கறாராக இருக்கிறேன். தோலில் பட்டால் விளக்கில் வைப்பதற்கு முன்பே மரக்குச்சியால் சுத்தமாக எடுத்துவிடுவேன். முடியவில்லை என்றால் அந்த விரலை முழுதாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து. பிரஷ் கைப்பிடியில் ஒட்டியிருப்பதையும் துடைப்பேன். நைட்ரைல் கையுறையை நம்பி இருக்க முடியாது, இந்தப் பொருள்கள் அதையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

நின்ற நாட்கள். வேலைக் கையில் 22 நாள் சராசரியாக, ஒரு தடவை 27. எழும்பினால் எப்போதும் முதலில் வலது நடுவிரல்தான், ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளுவது அந்த விரல். அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தொப்பி) போட்டாலும் அதன் விளிம்பு நகத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். மற்ற ஒன்பதும் வளர்ச்சியால் அடியில் இடைவெளி விழும் வரை அசையவில்லை. எழும்பிய ஓரத்தை ஒட்டவைக்க முயலாதீர்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். எழும்பிய அளவுக்கு மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, துடைத்து, அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்வேன்.

எடுப்பதில்தான் இந்தப் பேஸ் என் மனத்தை முழுதாக வென்றது. மேல்பூச்சை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 12 நிமிடம். திறந்தால் ஜெல் நொறுங்கிய மாதிரி தூக்கி நிற்கும், மரக்குச்சி பட்டதும் வந்துவிடும். வராத இடத்தைச் சுரண்டாமல் இன்னும் 3 நிமிடம் சுற்றி வைத்தேன். நகத்தில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. தையல்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அசிட்டேட் துணியும் நூலும் அசிட்டோனில் கரைந்துவிடும். நான் இதை வேறு அறையில் வைத்துத்தான் செய்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுதாக எடுக்க வேண்டியதில்லை. ஜப்பானில் 'இஸ்ஸோ நொகோஷி' என்பார்கள், ஓர் அடுக்கை மிச்சம் வைப்பது என்று பொருள். எழும்பாத பேஸை நகத்தின்மேல் அப்படியே விட்டு, மேலே உள்ளதை மட்டும் தேய்த்து எடுத்து, வளர்ந்த இடைவெளியை நிரப்பிப் புதிதாகப் போடுவது. அசிட்டோன் நகத்தைத் தொடுவதே இல்லை. சலூன்களில் இதற்கு மின் அரம். எனக்கு அது வேண்டாம். 180 எண் கை அரத்தால் நிதானமாகத் தேய்க்கிறேன், பத்து விரலுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். நான்காம் மாதத்திலிருந்து இப்படித்தான். வெண்மையாகத் தூசி பறக்கும், முகக்கவசம் கட்டாயம், சன்னலும் திறந்திருக்க வேண்டும்.

சன்னல் திறப்பதென்றால் டப்பாவை முதலில் மூடுங்கள். ஒரு காலை நேரம் டப்பாவைத் திறந்தபடி சன்னலோரம் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வந்தேன். வெயில் பட்ட பக்கம் ஓடு கட்டிவிட்டது. அந்தக் கட்டியை எடுத்து எறிந்த பிறகும் மீதி ஜெல்லில் சிறு சிறு துகள்கள் வந்துகொண்டே இருந்தன. டப்பாவில் வரும் எந்த ஜெல்லுக்கும் இந்தக் குறை உண்டு. பிரஷையும் ஒளி படாமல் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் குச்சியாக இருக்கும்.

குறை என்று இன்னும் இரண்டு. மென் வகையை மட்டும் நம்பி நகத்தை நீளமாக வளர்க்க முடியாது, விரல் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் வரைக்கும்தான் எனக்கு நின்றது. அதற்கு மேல் போனால் நகத்தோடு சேர்ந்து மடங்குகிறது. இரண்டாவது, இதன்மேல் போடும் டாப் கோட்டும் வளையும் வகையாக இருக்க வேண்டும். ஒரு தடவை கையில் இருந்த வேறு நிறுவனத்தின் கெட்டி டாப் கோட்டைப் போட்டேன். பேஸ் நின்றது, மேலே மட்டும் சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்தது, அந்தக் கீறலிலேயே நூலும் மாட்டியது.

8 மாதத்தில் முதல் டப்பாவில் முக்கால் பங்கு தீர்ந்திருக்கிறது, தங்கைக்குக் கொடுத்ததும் சேர்த்து. அதே மென் வகையில் அடுத்ததையும் வாங்கி வைத்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வலது நடுவிரலுக்கு மட்டும் நுனியை இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து, அங்குஸ்தானின் விளிம்பு தொடாதபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.